பெரிய நிறுவனத்தோடு கைகோர்க்கும் முன்: சிறு தொழில்நுட்ப நிறுவனங்கள் அறிய வேண்டியவை

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவரும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். தோல், பூட்டு, நூல், காய்கறி மண்டி, உணவகம் என்று அந்தத் தொழில்கள் பலவகை. இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியல் படித்துவிட்டு, அத்தா நடத்திய தோல் ஷாப்புக்கோ பட்டறைக்கோ திரும்பாமல், நான்கைந்து பேராகச் சேர்ந்து மென்பொருளோ கருவியோ உருவாக்கும் சிறு நிறுவனங்களைத் தொடங்குகிறார்கள்.

அவர்களுக்கு ஒருநாள் ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து அழைப்பு வரலாம். "உங்கள் கண்டுபிடிப்பை எங்கள் ஆலையில் சோதித்துப் பார்ப்போம், வாருங்கள்" என்பார்கள். அந்த அழைப்பு பரக்கத்தாகவும் முடியலாம். பல ஆண்டு உழைப்பைப் பறிகொடுப்பதிலும் முடியலாம். எதில் முடியும் என்பதைப் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் விடப்படும், தாள்களே தீர்மானிக்கின்றன. பிள்ளைகளும் பெற்றோரும் இதுபற்றி அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

திறந்த புத்தாக்கம் என்றால் என்ன?

ஒரு பெரிய நிறுவனம் தனக்குத் தேவையான புதுமைகளையெல்லாம் தன் ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்காமல், வெளியில் உள்ள சிறு நிறுவனங்கள், கல்லூரிகள், தனி ஆய்வாளர்கள் ஆகியோரிடமிருந்து பெற்று, அவர்களோடு சேர்ந்து வளர்ப்பதையே 'ஓப்பன் இன்னொவேஷன்' என்கிறார்கள். தமிழில் திறந்த புத்தாக்கம் எனலாம். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்பரோ 2003-ல் எழுதிய நூலின் மூலம் இப்பெயர் பரவியது.

'திறந்த' என்ற சொல்லைப் பார்த்து, எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே வரும் ஒவ்வொன்றுக்கும் விலையும் உரிமையும் நிபந்தனையும் உண்டு.

சோப்பு, ஷாம்பு விற்கும் பி அண்ட் ஜி நிறுவனம் இதற்குப் பழைய உதாரணம். 2000-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஏ.ஜி. லாஃப்லி, தம் நிறுவனத்தின் புதுமைகளில் பாதி வெளியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். அப்போது பிரிங்கிள்ஸ் சிப்ஸ் அந்நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஒவ்வொரு சிப்ஸ் துண்டின் மீதும் படமும் எழுத்தும் அச்சிட விரும்பினார்கள். அதற்கான வழியைத் தாங்களே கண்டுபிடிக்காமல் உலகெங்கும் தேடினார்கள். இத்தாலியின் பொலோன்யா நகரில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் நடத்திய சிறிய பேக்கரியில், கேக், பிஸ்கட் மீது உண்ணத்தக்க மையால் அச்சிடும் முறை தயாராக இருந்தது. அதைப் பெற்று 2004-ல் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனிக்குக் காலமும் செலவும் மிச்சம். சிறிய பேக்கரியின் முறையோ ஒரு பெரும் சந்தைக்குள் நுழைந்தது.

தனித்து நிற்பதும் பாதுகாப்பு ஆகாது

"பெரியவர்களோடு நமக்கு ஏன் வம்பு? நம் தொழிலை நாமே பார்த்துக்கொள்வோம்" என்பது நம் பெரியவர்கள் பலரின் கருத்து. அதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் பூட்டின் கதை வேறொன்றையும் சொல்கிறது.

நாகல்நகர், நல்லாம்பட்டி பகுதிகளில் கையால் செய்யப்படும் பூட்டுகள் ஒரு காலத்தில் நாடெங்கும் போயின. மாங்காய்ப் பூட்டு என்றாலே திண்டுக்கல்தான் நினைவுக்கு வரும். 1897-ல் அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். அந்த நிறுவனம் இயந்திரத்துக்கு மாறிப் பெருந்தொழிலாக வளர்ந்தது. உத்தரப்பிரதேசத்தின் அலிகாரும் மலிவான பூட்டுகளால் சந்தையைப் பிடித்தது. திண்டுக்கல்லில் திறமை இருந்தது. அதைப் பெரிய அளவில் உற்பத்தி செய்யும் கூட்டாளி அமையவில்லை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காப்பாற்றப்பட்டது மகிழ்ச்சியே. ஆனால் அதற்குள் பட்டறைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

நம்மவர்கள் அதிகம் ஈடுபட்டுள்ள தோல் தொழில் இன்னொரு பாடம். தோல் ஷாப்புகளின் கழிவுநீர் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் இருந்த 900-க்கும் மேற்பட்ட தோல் ஷாப்புகள் அந்த வழக்கின் வரம்புக்குள் வந்தன. அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனப்பட்ட நம் மாவட்டமும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காதவர்கள் தொழிலை நடத்த முடியாது என்ற நிலை வந்தது. தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியில்லாதவர்கள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைந்தார்கள். சந்தையில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் கழிவுநீருக்காகக் கூட்டாளிகள் ஆனார்கள்.

இன்று அதே துறையில் சிறு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வேலை இருக்கிறது. மாசு அதிகம் ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவின் தரத்தைத் தொடர்ந்து அளந்து இணையவழி அனுப்பும் கருவிகளை வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அந்த 17 வகைகளில் தோல் ஷாப்பும் அடங்கும். நூற்பாலைகளில் மின்சாரச் செலவைக் குறைப்பது, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறி வீணாகாமல் காப்பது என்று நம் ஊரிலேயே தீர்வுக்குக் காத்திருக்கும் சிக்கல்கள் பல. இவற்றை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இருக்கும் அறிவு, சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கும் பெரிய நிறுவனத்திடம் இருக்காது. கூட்டுச் சேரும்போது அந்த அறிவே நம் கைமுதல்.

கூட்டின் வகைகள்

பெரிய நிறுவனங்கள் சிறிய நிறுவனங்களோடு சேரும் விதங்கள் பல. நடைமுறையில் நான்கைக் கவனித்தால் போதும்.

முதலாவது, வாடிக்கையாளராக வருவது. சிறு நிறுவனத்தின் பொருளைக் காசு கொடுத்து வாங்கித் தன் ஆலையில் சோதிக்கிறார்கள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2015-ல் தொடங்கிய 'ஸ்டார்ட்அப் கராஜ்' இந்த முறையைப் பிரபலமாக்கியது. பங்கு கேட்பதில்லை, கடன் கொடுப்பதில்லை, பொருளை வாங்குகிறார்கள். வட்டியின் சாயல் படாமல் தொழிலை வளர்க்க விரும்பும் நம்மவர்களுக்கு மிகவும் ஏற்ற வழி இது. ஆர்டர் கொடுத்துச் செய்விக்கும் இஸ்திஸ்னா ஒப்பந்தம் ஹனஃபி சட்டத்துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்றுதான்.

இரண்டாவது, பங்கு முதலீடு. மாருதி சுசுகி 2019-ல் தொடங்கிய புத்தாக்கத் திட்டத்தின் வழியாக அறிமுகமான சோசியோகிராஃப் சொல்யூஷன்ஸ் என்ற சிறு நிறுவனத்தில், 2022-ல் சுமார் 2 கோடி ரூபாய் முதலிட்டு 12 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கியது. முதலில் வேலை, பிறகு பங்கு என்ற வரிசை கவனிக்கத்தக்கது. லாப நட்டத்தில் பங்கேற்பது என்ற அளவில் இது முஷாரகாவுக்கு நெருக்கமானது. ஆனால் 'கன்வெர்ட்டிபிள் நோட்' என்ற பெயரில் வரும் முதலீடு, பங்காக மாறும்வரை சட்டப்படி கடனே. அதில் வட்டி விகிதமும் எழுதப்படுவது வழக்கம். கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தெளிவில்லையென்றால் ஆலிம்களிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, உரிமம். கண்டுபிடிப்பு நம்முடையதாகவே இருக்கும். பயன்படுத்த அனுமதித்து அதற்குத் தொகை பெறுகிறோம்.

நான்காவது, கூட்டு ஆய்வு. இரு தரப்பும் ஆளும் பணமும் போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவது. பலனும் பெரிது, சிக்கலும் பெரிது.

மூன்று அனுபவங்கள்

நல்ல கூட்டுக்கு உலகம் அறிந்த சாட்சி பயோஎன்டெக். துருக்கிய வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியரான உகுர் சாஹினும் ஓஸ்லெம் துரெஜியும் 2008-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நிறுவியது அது. 2018 முதலே ஃப்ளூ தடுப்பூசிக்காக ஃபைசரோடு சேர்ந்து உழைத்து வந்தார்கள். அதனால் 2020 மார்ச்சில் கொரோனா தடுப்பூசிக்குக் கைகோர்க்க அவர்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ஃபைசர் முன்பணமாகவும் பங்கு முதலீடாகவும் 18.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தடுப்பூசியின் மொத்த லாபம் இருவருக்கும் சமபாகம். ஜெர்மனியிலும் துருக்கியிலும் விற்கும் உரிமையை பயோஎன்டெக் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2020 டிசம்பர் 2 அன்று பிரிட்டன் அனுமதி கொடுத்தது. ஆலையும் விநியோகமும் பெரியவரிடம்; அறிவு சிறியவரிடம். தன் அறிவின் மதிப்பைச் சிறியவர் அறிந்திருந்ததால் சமபாகம் கிடைத்தது.

இரண்டாவது அனுபவம் நம் மாநிலத்தோடு தொடர்புடையது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013-ல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி, மின்சார ஸ்கூட்டர் செய்யும் நிறுவனம். நாட்டின் மிகப்பெரிய இருசக்கர வாகன நிறுவனமான ஹீரோ மோட்டோகார்ப் 2016 அக்டோபரில் அதில் 205 கோடி ரூபாய் முதலிட்டது. ஏத்தரின் முதல் ஸ்கூட்டர் 2018-ல்தான் விற்பனைக்கு வந்தது என்பதை நினைத்தால் அந்த முதலீட்டின் அருமை புரியும். 2021-ல் ஓசூரில் ஆலை தொடங்கியது.

ஆனால் 2022 அக்டோபரில் ஹீரோ, 'விடா' என்ற பெயரில் தன் சொந்த மின்சார ஸ்கூட்டரை இறக்கியது. பெரிய பங்குதாரரே சந்தையில் போட்டியாளரும் ஆனார். ஏத்தர் அதனால் முடங்கிவிடவில்லை. தொழில்நுட்பமும் பெயரும் ஆலையும் அதனிடமே இருந்தன. வேறு முதலீட்டாளர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் இரு நிறுவனங்களும் தம் சார்ஜிங் நிலையங்களை ஒருவருக்கொருவர் திறந்துவிட்டன. 2025 மே மாதம் ஏத்தர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இன்றைய கூட்டாளி நாளை போட்டியாளராகவும் வரலாம் என்று எண்ணியே ஒப்பந்தம் எழுத வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

மூன்றாவது கசப்பானது. காரின் கண்ணாடித் துடைப்பான் தூறலில் விட்டுவிட்டு இயங்கும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸ் கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றார். ஃபோர்டு நிறுவனத்திடம் அதைக் காட்டினார். பேச்சு முறிந்தது. பிறகு 1969-ல் ஃபோர்டு அத்தகைய துடைப்பானைத் தன் கார்களில் கொண்டுவந்தது. கேர்ன்ஸ் 1978-ல் வழக்குத் தொடுத்தார். 1990-ல்தான் முடிவு வந்தது. வேண்டுமென்றே செய்ததாக நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை. ஆனாலும் காப்புரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பாகி, ஃபோர்டு 1.02 கோடி டாலர் கொடுத்தது. கையில் காப்புரிமை இருந்ததால் பணம் கிடைத்தது. இல்லாதிருந்தால் அதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

எழுதிக்கொள்வது அவநம்பிக்கை அல்ல

நபி (ஸல்) அவர்கள் இளமையில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு சிரியாவுக்கு வணிகம் செய்யச் சென்றது நாமறிந்த வரலாறு. ஒருவரின் முதல், இன்னொருவரின் உழைப்பும் நேர்மையும். முளாரபா என்று பின்னர் ஃபிக்ஹு நூல்கள் விரித்துரைத்த கூட்டின் அடிப்படை இதுவே. பெரிய முதலும் சிறிய முதலும் சேர்வது மார்க்கத்துக்குப் புதிதில்லை.

அதேவேளை, குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-ஆம் வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. நம்மவர்களில் பலர் "எழுதிக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களே" என்று கூச்சப்படுகிறார்கள். பெரிய நிறுவனத்திடம் இந்தக் கூச்சம் சிறிதும் வேண்டாம். அவர்கள் பக்கம் வழக்கறிஞர் குழுவே இருக்கிறது. நாம் எழுதிக் கேட்பதை அவர்கள் தவறாக எண்ணுவதில்லை. எழுதாமல் வருபவரைத்தான் இலேசாக எண்ணுவார்கள்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

1. காட்டும் முன் காப்புரிமை: புதிய கருவியோ முறையோ இருந்தால், யாரிடமும் விளக்கிக் காட்டும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இந்தியாவில் கட்டணம் குறைவு. தமிழகத்துக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, இணையவழியும் விண்ணப்பிக்கலாம். வெறும் மென்பொருளுக்கு இந்தியச் சட்டத்தில் காப்புரிமை இல்லை. அது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது.

2. நமக்குள்ளே முதலில் தெளிவு: மச்சானோ நண்பரோ வெளியிலிருந்து எழுதிக் கொடுத்த மென்பொருளின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, பொதுவாக எழுதியவருக்கே உரியது. பெரிய நிறுவனம் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

3. பழையது யாருக்கு, புதியது யாருக்கு: கூட்டுக்கு முன்பே நம்மிடம் இருந்தவற்றைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். கூட்டில் புதிதாக உருவாவது யாருக்கு என்பதைத் தனியாக எழுதுங்கள். "எல்லாம் கம்பெனிக்கே" என்ற ஒரு வரி பத்து ஆண்டு உழைப்பை எடுத்துக்கொண்டு போய்விடும்.

4. இலவச சோதனை வேண்டாம்: சிறு தொகையாவது வாங்குங்கள். சோதனை எத்தனை நாள், எந்த அளவு எட்டினால் வெற்றி, வெற்றி பெற்றால் அடுத்த ஆர்டர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் சோதனை முடிவில்லாமல் நீளும். சம்பளம் கொடுக்க நம்மிடம் பணம் இருக்காது.

5. தனியுரிமை நிபந்தனை: "எங்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது" என்று கேட்டால், அதைக் குறிப்பிட்ட துறைக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு ஈடான குறைந்தபட்ச ஆர்டரையும் கேளுங்கள்.

6. தகவல் யாருடையது: ஆலையில் நம் கருவி சேகரிக்கும் தகவலை நம் கருவியை மேம்படுத்தப் பயன்படுத்தலாமா என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

7. வழக்கு எங்கே: தகராறு வந்தால் மும்பையிலோ டெல்லியிலோ நடுவர் மன்றம் என்று எழுதப்பட்டிருந்தால், போக்குவரத்துச் செலவிலேயே நாம் தோற்றுவிடுவோம். மதுரை அல்லது சென்னையைக் கேளுங்கள்.

பணம் குறித்த நாளில் வர

சிறு நிறுவனங்கள் நொடிப்பதற்குப் பெரிய காரணம், செய்த வேலைக்குப் பணம் தாமதமாவதே. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்குப் பாதுகாப்பு தருகிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு எப்படியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது சட்டம். வட்டித் தொகை நமக்கு வேண்டாம் என்பது நம் மார்க்க நிலை. அதற்காக, அசலைக் குறித்த நாளில் கேட்கும் உரிமையையும் விட்டுவிட வேண்டியதில்லை. மாநில அரசின் வசதி மன்றத்தில் இதற்கென முறையிடலாம்.

இந்தப் பாதுகாப்புக்கு 'உத்யம்' பதிவு அவசியம். அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் செய்யலாம். வேலையைத் தொடங்கிய பிறகு பதிவு செய்தால் பின்னால் சிக்கல் வரும். ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

வழிகாட்ட ஆள் இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கு மதுரையில் வட்டார மையம் உண்டு. அதன் 'தான்சீட்' திட்டத்தில் ஆரம்ப நிலை நிறுவனங்களுக்கு நிதி கிடைக்கிறது. தோல் தொடர்பான தொழில்நுட்பம் என்றால், 1948 முதல் சென்னை அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். உள்ளூர் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களும், காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தொழில்நுட்பம் நமக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைந்த அனுபவம் நம் பெரியவர்களுக்கு உண்டு. யாரிடம் கடன் வைக்கலாம், யாரிடம் வைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரே வியாபாரியை நம்பி இருந்து, அவர் கைவிட்டபோது ஷாப்பை மூடியவர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த அறிவு பிள்ளைகளின் ஒப்பந்த மேசையில் அவசியம் தேவை. ஒரு பெரிய கம்பெனியின் பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் அவசரப்பட்டுக் கையெழுத்திட விடாதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையால் எளிய தமிழில் விளக்க முடியாத வரி இருந்தால், அந்த வரியை வழக்கறிஞரிடம் காட்டும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.

அமானிதத்தைப் பேணும் கூட்டாளிகளையும், ஹலாலான வருவாயையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.